மூன்றாம் மாடியைக் காலி செய்கிறோம்

ஆன்ட்டி என்று மட்டும் கூப்பிடாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவுக்கு என்ன வயது? ஐம்பத்தொன்பதா? எனக்கு ஐம்பத்திரண்டு. அக்கா என்று கூப்பிடு, போதும். உட்கார். அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். நாற்காலி மேல் தப்பில்லை, தரை மேல்தான் தப்பு. ஒரு எலுமிச்சம்பழத்தை வாசலில் வைத்தால் அது தானாக உருண்டு பால்கனிக்குப் போய் வேடிக்கை பார்க்கும். நானூறு வருஷத்துக் கட்டிடமாம். இதை வெட்கமில்லாமல் பெருமையாக வேறு சொல்லிக்கொள்கிறார்கள்.

உன்னைப் பற்றி எல்லாம் இவர் காலையிலேயே சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார். யாமினி, கோயம்புத்தூர், போன வாரம்தான் ஸ்பெயினுக்கு, இந்தச் செவிய்யாவுக்கு வந்து இறங்கினீர்கள், உன் வீட்டுக்காரர் இவரோடு அதே விமானப் பாகம் செய்கிற கம்பெனியில் சேர்ந்திருக்கிறார், நாங்கள் காலி செய்கிற இந்த வீட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளலாமா என்று பார்க்க வருகிறாய். "அந்தப் பொண்ணுகிட்ட நல்லவிதமா சொல்லு வத்சலா" என்று நாலு தரம் சொன்னார். செருப்பு மாட்டும்போது ஐந்தாவது தரம். நல்லவிதமாக என்றால் என்ன? நான் திருச்சியில் பன்னிரண்டு வருஷம் கான்வென்ட்டில் படித்தவள். பொய் சொன்னால் ஆபீஸ் ரூம் வாசலில் முட்டி போட வைப்பார்கள். எனக்கு உள்ளதைத்தான் சொல்லத் தெரியும்.

மேஜையில் இருக்கிறது பார், அதுதான் காலி செய்கிற கடிதம். ஆறு மணிக்கு ஏஜென்ட் மக்தலேனா வந்து வாங்கிக்கொள்வாள். ஒப்பந்தம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் இரண்டு கையெழுத்து வேண்டும். இவர் போன செவ்வாய்க்கிழமையே போட்டுவிட்டார். நான் போட வேண்டியதுதான் பாக்கி. போடலாம், என்ன அவசரம்? நீ எடுத்துக்கொள்கிறேன் என்றால் அதே கையோடு உங்கள் பெயருக்கு மாற்றிக்கொடுத்துவிடுவாளாம். வேண்டாம் என்றாலும் நாங்கள் போகத்தான் போகிறோம். ஊருக்கு வெளியே புது அபார்ட்மென்ட் பார்த்தாகிவிட்டது.

காப்பி குடி. டிகிரி காப்பியெல்லாம் எதிர்பார்க்காதே. இங்கே பால் ஆறு மாசம் கெடாமல் டப்பாவில் உட்கார்ந்திருக்கும். கெடத் தெரியாத பால் என்ன பால்?

வந்தபோது கம்பெனியில் இரண்டு வீடு காட்டினார்கள். ஒன்று இப்போது போகப்போகிறோமே, அந்த மாதிரிப் புதுசு. இன்னொன்று இது. இந்தப் பேட்டைக்குப் பெயர் சாந்தா குரூஸ். புனிதச் சிலுவை என்று அர்த்தம். பெயரைக் கேட்டதுமே எனக்குத் தோன்றியது, கான்வென்ட்டில் பன்னிரண்டு வருஷம் சுமந்தது போதாதா என்று. இவர்தான் சந்து முனையில் நின்று அந்தச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். ஒரு காலத்தில் யூதர்கள் குடியிருந்த பகுதி, அவர்களைத் துரத்திவிட்டு மற்றவர்கள் குடியேறினார்கள், அப்படி இப்படி என்று போனில் படித்துப் படித்து எனக்குச் சொன்னார். கேள், இந்த மனுஷன் திருச்சியில் பிறந்து வளர்ந்தவர். மலைக்கோட்டை ஏறியது ஒரே ஒரு தரம், கல்யாணத்துக்கு மறுநாள், அதுவும் என் மாமியார் நச்சரித்ததால். அங்கே ஆயிரம் வருஷத்துக் கல்லைக் கண்ணெடுத்துப் பார்க்காதவருக்கு இங்கே நானூறு வருஷத்துச் சுண்ணாம்பைக் கண்டதும் கண் கலங்குகிறது.

"இங்கேயே இருக்கலாமா வத்சலா?" என்றார். நான் அப்போதே வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றேன் என்பதை நீ குறித்துக்கொள். ஏனென்றால் பதினோரு மாசமாக நான் தினமும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காலையில் காப்பி கொடுக்கும்போது ஒரு தரம், சாயங்காலம் இவர் வந்ததும் ஒரு தரம். ஒரு வீடு என்றால் நாலு குறை சொல்லத்தான் சொல்வோம். அதற்காக ஒரு மனுஷன் நிஜமாகவே போய்ப் புது வீடு பார்த்துவிட்டு வருவாரா? முப்பது வருஷமாக என் சமையல்கட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேன், அது காதில் விழவில்லை. இது விழுந்துவிட்டது.

சரி, வீட்டின் லட்சணத்தைச் சொல்கிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்து எவ்வளவு அகலம் என்று பார்த்தாய் அல்லவா? பிரிட்ஜைக் கயிறு கட்டித்தான் பால்கனி வழியாக ஏற்றினோம். தெரு முழுக்க நின்று பார்த்தது, தேர் இழுக்கிற மாதிரி. ஜூலையில் நாற்பத்தைந்து டிகிரி. திருச்சி வெயிலில் வளர்ந்த நானே ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் இரண்டு மணிக்குக் கடையைச் சாத்தினால் ஐந்துக்குத்தான் திறப்பான். நம் ஊரில் பகலில் படுத்தால் சோம்பேறி, இங்கே படுத்தால் கலாச்சாரம். கால் மணிக்கு ஒரு தரம் சர்ச் மணி. எனக்கு அது இல்லாமல் இப்போது குக்கர் விசில்கூட எண்ண வராது, அப்படிக் கெடுத்து வைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்த மஞ்சள் குடைக்காரி, ஊர் சுற்றிக் காட்டுகிற கைடு. வெளிநாட்டுக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு தினமும் காலை பத்தரைக்கு நம் பால்கனிக்கு நேர் கீழே வந்து நிற்பாள். நின்று, "திஸ் ஸ்ட்ரீட் ஹேவ் மச் ஹிஸ்டரி" என்பாள். நான் எத்தனை நாள் பொறுப்பேன்? ஒரு நாள் மேலிருந்தே சொன்னேன், "ஹேஸ்!" என்று. அண்ணாந்து பார்த்தாள். "ஸ்ட்ரீட் ஹேஸ்!" என்றேன். சிஸ்டர் இருந்திருந்தால் ஸ்கேலால் விரல் கணுவில் போட்டிருப்பார். மறுநாள் வந்து அதே இடத்தில் நின்று, என்னைப் பார்த்து, "ஹேஸ்" என்று இழுத்துச் சொன்னாள். கூட்டமே கைதட்டியது. அதிலிருந்து எனக்கு வேலையாகிவிட்டது. பத்தரைக்குள் குளித்து, தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. யாராவது திருத்த வேண்டுமே. போன மாசம் மூன்று நாள் அவள் வரவில்லை. நான் அவள் கூட்டம் சேர்க்கிற சதுக்கம் வரைக்கும் போய் விசாரித்தேன். ஜலதோஷமாம். சுக்குப்பொடி கொடுத்துவிட்டு வந்தேன். அக்கறை எல்லாம் ஒன்றுமில்லை. இங்கிலீஷ் மறுபடி கெட்டுவிடக் கூடாதே என்றுதான்.

சிரிக்கிறாயா? நீ இங்கே குடிவந்தால் உன் தலையில்தான் விடியும்.

நாலு தெரு தள்ளி ஒரு கன்னியர் மடம். வெளியே வரவே மாட்டார்கள். சுவரில் சுழல்கிற ஒரு மரப்பெட்டி இருக்கிறது. இந்தப் பக்கம் காசை வைத்தால் பெட்டி ஒரு சுற்று சுற்றி அந்தப் பக்கத்திலிருந்து பலகாரம் வரும். ஆள் முகம் தெரியாது, குரல் மட்டும். முதல் நாள் போனேன். உள்ளேயிருந்து ஒரு கிழட்டுக் குரல் ஏதோ கேட்டது. யாமினி, சத்தியமாகச் சொல்கிறேன், என் இரண்டு கையும் தானாகப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டன. வாய் தானாக, "குட் மார்னிங் சிஸ்டர்" என்று ராகம் போட்டது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு! ஐம்பத்திரண்டு வயதில் இது எனக்குத் தேவையா? இப்போதெல்லாம் வாரத்துக்கு இரண்டு தரம்தான் போகிறேன்.

கீழ்வீட்டு எங்கார்னா. வரும்போது பார்த்திருப்பாய், விசிறியோடு நடுமுற்றத்தில் உட்கார்ந்திருப்பாள். எழுபத்திரண்டு வயது. மாடியில் நான் என்ன தாளித்தேன் என்று கீழேயிருந்தே கண்டுபிடிப்பாள். அவளோடு எனக்கு வந்த சண்டையைக் கேள்.

முற்றத்து நடுவில் ஆரஞ்சு மரம் நிற்கிறதே, அது கசப்பு ஆரஞ்சு. ஊர் முழுக்க அதுதான். யாரும் தின்ன மாட்டார்கள். ஜனவரியில் பழுத்துக் கொட்டும், கூட்டி மூட்டை கட்டிக் குப்பையில் போடுவார்கள். நான் ஒன்றை எடுத்து நகத்தால் கீறி முகர்ந்து பார்த்தேன். நார்த்தங்காய்! நார்த்தங்காயின் சித்தப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளேன். எனக்கு அடிவயிறு எரிந்தது. இத்தனை வருஷமாக இந்த ஜனங்கள் ஊறுகாயைக் குப்பையில் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள்! ஒரே நாளில் ஐந்து கூடை பறித்தேன். இவர்தான் மொட்டைமாடிக்குத் தூக்கினார். சுருள் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்தேன்.

வந்தது வினை. இரண்டாம் மாடி ரஃபேல், கட்டிடத்துக்கு அவர்தான் தலைவர், நோட்டீஸ் ஒட்டிவிட்டார். மரம் பொதுச் சொத்து, மொட்டைமாடி பொதுச் சொத்து, உப்புத் தண்ணீர் பட்டுப் பழைய ஓடு கறுத்துவிட்டது, கூட்டம் போட்டுப் பேச வேண்டும் என்று. போட்டார்கள். முற்றத்திலேயே. நான் பயந்துவிடுவேனா? போனில் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். "குப்பையில் போடும்போது பொதுச் சொத்து இல்லை, நான் ஜாடியில் போட்டால் பொதுச் சொத்தா?" என்று கேட்டேன். அந்தப் போன் அதை எப்படிச் சொல்லித் தொலைத்ததோ, எங்கார்னா விசிறியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்து, ஜாடியைக் கொண்டுவா என்றாள். ஒரு சுருளை எடுத்து, உள்ளே போய், எதோடு சாப்பிட்டாள் தெரியுமா? பன்றித் தொடையைச் சீவி வைத்திருப்பார்களே, அதோடு! முப்பது நாள் வெயிலில் காத்துக் கிடந்த என் நார்த்தங்காயை! நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மொத்தக் கட்டிடமும் ஜாடிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் தீர்மானம் எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள். வருஷா வருஷம் பழத்தை மூன்றாம் மாடி அம்மாள்தான் பறிக்க வேண்டும், ஆளுக்கு ஒரு ஜாடி கொடுக்க வேண்டும் என்று. என் தலையில் எப்படிக் கட்டினார்கள் பார்! ஏற்கெனவே பன்னிரண்டு ஜாடி வாங்கி வைத்திருக்கிறேன். புது வீட்டில் அதையெல்லாம் வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. அங்கே இருப்பது ஆளுயரச் செடி, பிளாஸ்டிக்கோ நிஜமோ, கிள்ளிப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

ஏப்ரலில் இன்னும் மோசம். ஈஸ்டருக்கு முந்தின வாரம் இந்த ஊரே சாமி தூக்கும். ஊர்வலம் நாலு நாள் நம் பால்கனிக்குக் கீழேதான் திரும்பும். அதனால் மொத்தக் கட்டிடமும் உறவும் முறையுமாக இங்கே வந்து இறங்கிவிட்டது. நான் கூப்பிடவே இல்லை. "வந்தால் வாருங்கள்" என்றுதான் சொன்னேன். கொலுவுக்கு வருகிற மாதிரி வந்து உட்கார்ந்துகொண்டு, என் கொண்டைக்கடலைச் சுண்டலை நாலு நாளும் காலி பண்ணினார்கள். பதினான்கு நாற்காலியையும் கீழேயிருந்து இவர்தான் ஏற்றினார். அப்புறம் பதினான்கையும் இறக்கினார். எங்கார்னா, "டான் நாதான், டான் நாதான்" என்று இவரைக் கொண்டாடினாள். டான் என்றால் நம் ஐயா மாதிரி, சிதம்பரநாதன் என்பது அவள் வாயில் அவ்வளவுதான் நுழையும்.

அதிலிருந்துதான் இவருக்கு முழங்கால். ஏப்ரலிலிருந்து அதே பேச்சு. டாக்டர் படி ஏறக் கூடாது என்றாராம். அறுபத்தெட்டுப் படி என்று இவர் எண்ணி வைத்திருக்கிறார். நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. தைலம் தேய்த்துக்கொள்வது, தலையணையில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வது, "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். நான் எதுவும் சொல்வதில்லை. ஏன் என்று உனக்குச் சொல்கிறேன், நீயும் கல்யாணமானவள். ஆண்பிள்ளைகளுக்கு, உனக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். பெண்டாட்டி குறைப்பட்டுக்கொள்கிறாளே என்று இவராக மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஆசை ஆசையாகப் பிடித்த வீட்டை விட்டுக்கொடுக்கிறார். அதை எப்படிச் சொல்வது? முழங்கால் மேல் பழி போடுகிறார். அந்தப் புது வீட்டைப் பற்றி என்னை மயக்கப் பார்ப்பதைப் பார்த்தாலே தெரியும். போனில் எத்தனை போட்டோ காட்டினார் தெரியுமா? ஹால் ஒன்று, சமையல்கட்டு ஒன்று, லிஃப்ட் ஒன்பது. லிஃப்ட்டுக்கு வெளியே நின்று, உள்ளே நின்று, பட்டன் மட்டும் தனியாக. லிஃப்ட்டுக்குள் செல்ஃபி வேறு, சிரித்துக்கொண்டு! கல்யாண ஆல்பத்தில்கூட அப்படி ஒரு சிரிப்பு இல்லை. எல்லாம் எனக்காக நடிப்பு.

இரு, போன் அடிக்கிறது. இவர்தான். ஸ்பீக்கரில் போடுகிறேன், நீயே கேள்.

"என்ன வத்சலா, அந்தப் பொண்ணு வந்துடுச்சா?"

"எதிர்லதான் உக்காந்திருக்கா. காப்பி குடிக்கிறா."

"வீடு பிடிச்சிருக்காமா?"

"பாத்துக்கிட்டிருக்கா."

"நீ ஒண்ணும் சொல்லிடலையே?"

"உள்ளதைச் சொன்னேன்."

"ஐயோ. கையெழுத்து போட்டுட்டியா?"

"பேனா தேடறேங்க."

"டிராயர்ல நாலு பேனா வெச்சுட்டு வந்திருக்கேன்மா. நீலம் ரெண்டு, கறுப்பு ரெண்டு. எல்லாத்தையும் எழுதிப் பாத்துதான் வெச்சேன். நான் இன்னிக்குச் சீக்கிரமே கிளம்பிட்டேன். சந்து முனைக்கு வந்துட்டேன். போட்டுடும்மா, என்ன?"

வைத்துவிட்டார். குரல் தழுதழுத்ததைக் கவனித்தாயா? வீட்டை விடுகிற துக்கம். அலுவலகத்தில் இருப்புக் கொள்ளாமல் ஓடி வருகிறார், கடைசியாக ஒரு தரம் கண்ணாரப் பார்த்துக்கொள்ள. பாவமாக இருக்கிறது எனக்கு.

ம்? என்ன சொன்னாய்? பிடித்திருக்கிறதா? இவ்வளவு சொன்ன பிறகுமா? சாய்ந்த தரை பிடித்திருக்கிறதா? எங்கார்னா வரும்போதே உன் கன்னத்தைக் கிள்ளினாளா? ஓஹோ. புதிதாக யாரைப் பார்த்தாலும் கிள்ளுவாள், அதில் ஒன்றும் விசேஷமில்லை. "எங்களுக்குப் படி ஒண்ணும் கஷ்டமில்லைங்க்கா. நாங்களே எடுத்துக்கறோங்க்கா." ரொம்ப நன்றாகத்தான் பேசுகிறாய். பத்தரைக்குப் பால்கனியில் நீ நிற்பாயா? உனக்கு நார்த்தங்காய் சுருள் நறுக்கத் தெரியுமா? யூடியூபில் பார்த்துக்கொள்வாயா? யூடியூபில்!

இங்கே பார் யாமினி, தப்பாக நினைத்துக்கொள்ளாதே. நான் மனசில் பட்டதைச் சொல்கிறவள். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இல்லை, இல்லை, எனக்காக இல்லை! எனக்கு இந்த வீடு ஆகவே ஆகாது, அதைத்தான் இவ்வளவு நேரம் சொன்னேன். இவருக்காக. ஒரு மனுஷன் பெண்டாட்டியின் சுகத்துக்காகத் தனக்கு உயிரான வீட்டை விட்டுப் போகத் துணிகிறார் என்றால், அந்தப் பெண்டாட்டி கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டாமா? இவர் வேலை இங்கே முடிகிற வரை, இன்னும் மூன்று வருஷம், நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவேன். புது அபார்ட்மென்ட் நல்ல வீடு, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். சின்னஞ்சிறுசுகள், வசதியாக இருங்கள். மக்தலேனா வந்தால் நீயே ஸ்பானிஷில் சொல்லிவிடு. வருவதற்கு முன்னாலேயே கோர்ஸ் படித்தாய் என்று இவர் சொன்னாரே. கடிதத்தை இவர் அவசரப்பட்டு எழுதிவிட்டார் என்று சொல். இதோ, நாலாக மடித்துவிட்டேன். ஆடுகிற நாற்காலிக்கு முட்டுக் கொடுக்கச் சரியாக இருக்கிறது பார். இப்போது நீ அதிலேயே உட்காரலாம்.

முழங்காலா? நீயும் ஆரம்பித்துவிட்டாயா? நான் இத்தனை சொன்னதில் உனக்கு அதுதான் மனசில் நின்றதா?

ஷ்ஷ், இரு. கீழே கேட் சத்தம். இவர்தான். கேட்கிறதா, ஏறுகிறார். ஒவ்வொரு படியாக, ஒரு காலை வைத்து, இன்னொரு காலை அதன் பக்கத்தில் சேர்த்து வைத்து, நிதானமாக. நம் மாதிரி தடதடவென்று ஏறி வந்துவிட மாட்டார். இதோ, சத்தம் நின்றுவிட்டது. முதல் மாடித் திருப்பம். அங்கே சுவரில் பழைய நீல ஓடு பதித்திருக்கிறது. தினமும் அந்த இடத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று நிமிஷம், நாலு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மேலே வருவார். எங்கார்னா கீழேயிருந்து ஏதோ கேட்கிறாள், பதில்கூடச் சொல்லாமல் நிற்கிறார் பார். மூச்சை எப்படி இழுத்து இழுத்து விடுகிறார், இங்கே வரைக்கும் கேட்கிறது. அப்படியொரு ரசனை. இந்த மனுஷனைக் கொண்டுபோய் ஒரு லிஃப்ட்டுக்குள் அடைக்க எனக்கு எப்படி மனசு வரும், சொல்?